வீடும் வயலும் உங்களுக்கு, அடியில் இருக்கும் வாயு யாருக்கு?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கையும் அவர் கணவரும் பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா கவுண்டியில், 12 ஏக்கரோடு ஒரு பழைய பண்ணை வீட்டை விலை பேசியிருக்கிறார்கள். பத்திர வரைவில் ‘கனிம உரிமைகள் விற்பவருக்கே’ என்று ஒரு வரி இருக்கிறதாம். இதற்கு என்ன அர்த்தம், வீட்டுக்கு ஆபத்து உண்டா, அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லாம் எரிவாயுவால் கோடீஸ்வரர் ஆனார்களாமே, அதை விட்டுவிட்டு வெறும் நிலத்தை வாங்குவது முட்டாள்தனமா என்பதுதான் கேட்டது.

நான் அந்த மாநிலத்தில் எட்டு வருடம் ஒரு எரிவாயு கம்பெனியின் ராயல்டி கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். நிலக்காரர்களுக்கு மாதாமாதம் போகும் காசோலையில் எதையெல்லாம் கழிப்பது என்று கணக்குப் போட்ட கை இது. அதனால் நடுவில் எங்காவது பாவமன்னிப்பு கேட்பதுபோலத் தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

கோடீஸ்வரர் கதையை முதலில் முடித்துவிடலாம். சிலர் ஆனார்கள், அது பொய் இல்லை. இன்னும் நிறைய பேருக்கு டிராக்டர் கடன் அடைந்தது, களஞ்சியத்துக்குப் புதுக் கூரை வந்தது, அவ்வளவுதான். வேறு சிலருக்கு ஒரு அட்வான்ஸும் ஆயுள் முழுக்கப் புலம்பலும் மிஞ்சியது. இதில் வேடிக்கை, இந்த மூன்று பேரும் பெரும்பாலும் ஒரே சாலையில் அடுத்தடுத்த வேலிக்காரர்கள். அடியில் ஒரே பாறை, சில சமயம் ஒரே வாயுக் கிணறு. கையெழுத்துப் போட்ட வருடம் வேறு, வாயு எடுக்கக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த குத்தகைக் காகிதத்தில் ராயல்டி, அதாவது வாயு விற்ற பணத்தில் நிலக்காரரின் பங்கு பற்றிய பத்தி வேறு.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு முதலில் இடிப்பது உரிமை விஷயம்தான். நமக்குப் பூமிக்கடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருந்தால் உரிமம் கொடுப்பதும் அரசு, ராயல்டி வாங்குவதும் அரசு. 2017-ல் நெடுவாசல் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே விவசாயிக்குப் பறிபோக வயலும் தண்ணீரும் இருந்தன, வாயுவில் பங்கு கேட்க எதுவும் இல்லை. அமெரிக்காவில் தனியார் நிலத்தில் அடியில் இருப்பதும் நிலக்காரனுடைய சொத்து. அவர் அதைத் தனியாகப் பிரித்து விற்கலாம், மகனுக்கு வயலும் மகளுக்கு வாயுவும் என்று உயில் எழுதலாம், வயலை விற்றுவிட்டு வாயுவை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பிரிந்த பிறகு அவை இரண்டு தனிச் சொத்துகள். அதிலும் அடியில் இருப்பதற்கு உரியவருக்குத்தான் சட்டத்தில் கை ஓங்கியிருக்கும்: வாயுவை எடுக்க நியாயமாக எவ்வளவு மேல்நிலம் தேவையோ அவ்வளவைப் பயன்படுத்தலாம், பாதை போடலாம், மேல்நிலத்துக்காரர் முடியாது என்று மறித்துவிட முடியாது. தங்கை வாங்கப்போவது அந்த மேல்நிலத்தை மட்டும்தான்.

பென்சில்வேனியாவில் இப்படிப் பிரிப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1859-ல் டைட்டஸ்வில்லில் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய மாநிலம் அது, நிலக்கரி அதற்கும் முந்தியது. அதனால் அங்கே வில்லங்கம் பார்ப்பது என்றால் நம் ஊர்போல முப்பது வருடத்தோடு நிற்காது, மூலப்பத்திரம் தேடி 1800-களுக்குள் போக வேண்டும். அங்கே போனால் விசித்திரங்கள் கிடைக்கும். 1882-லேயே அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒன்று சொல்லிவிட்டது: பத்திரத்தில் ‘கனிமங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால், வேறு சாட்சியம் இல்லாதவரை, அதில் எண்ணெய் சேராது. பிற்பாடு எரிவாயுவுக்கும் அதே விதிதான் என்றார்கள். சாதாரண மக்கள் கனிமம் என்ற சொல்லை உலோகம் மாதிரி விஷயங்களுக்குத்தான் சொல்வார்கள் என்பது வாதம். ஷேல் என்ற இறுகிய களிமண் பாறையில் சிக்கியிருக்கும் வாயு வேறு கதை என்று ஒரு குடும்பம் மறுபடி வழக்குக்குப் போனது. 2013-ல் அதே நீதிமன்றம் பழைய விதியே இதற்கும் என்று முடித்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்னொரு வழக்கு இதைவிட வேடிக்கை. 1899-ல் ஒரு குடும்பம் மேல்நிலத்தை விற்று அடி உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1935-ல் வரி பாக்கிக்காக அந்தக் காட்டு நிலம் ஏலத்துக்குப் போனது. பின்னால் அது ஒரு வேட்டை மன்றத்தின் கைக்கு வந்தது. வாயு வந்ததும் இரு தரப்பும் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின. 2016-ல் தீர்ப்பு: அடி உரிமை பிரிந்தது தனி வரிச்சொத்தாகக் கவுண்டியின் கணக்கில் ஏறாததால், 1935 ஏலத்திலேயே மேலும் கீழும் சேர்ந்து போய்விட்டது, எல்லாம் மன்றத்துக்கே. தாத்தா காலத்தில் சொல்லாமல் விட்ட ஒரு தகவலுக்கு விலை எண்பது வருடம் கழித்துத் தெரிந்தது.

சரி, இந்தக் குத்தகை அலை எப்படி வந்தது? அந்தப் பக்கத்து நிலங்களுக்கு அடியில் கிடக்கும் மார்செலஸ் என்பது சுமார் 39 கோடி வருடப் பழைய கறுப்பு ஷேல். அதில் வாயு இருப்பது நிலவியல்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும், எடுக்கத்தான் வழி தெரியாது. டெக்சாஸின் பார்னெட் ஷேலில் ஜார்ஜ் மிட்செலின் கம்பெனி தண்ணீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைக்கும் முறையை 1990-களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதையே ரேஞ்ச் ரிசோர்சஸ் என்ற கம்பெனி 2004-ல் பென்சில்வேனியாவின் வாஷிங்டன் கவுண்டியில் ஒரு கிணற்றில் செய்து பார்த்தது, வாயு வந்தது. வெளியே தம்பட்டம் அடிக்கவில்லை. யாரும் அடிக்கமாட்டார்கள், ஏனென்றால் விஷயம் தெரியாத நிலக்காரரிடம்தான் குத்தகை மலிவு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெர்ரி எங்கல்டரும் நியூயார்க்கின் கேரி லாஷும் 2008 ஜனவரியில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள்: மார்செலஸில் 500 டிரில்லியன் கன அடி வாயு இருக்கலாம், அதில் பத்தில் ஒரு பங்கு எடுக்கக்கூடியதாக இருக்கலாம். அதே வருடம் ஜூலையில் எரிவாயு விலை ஆயிரம் கன அடிக்கு 13 டாலரைத் தொட்டது. பிறகு கேட்க வேண்டுமா? மான்ட்ரோஸ், டொவாண்டா மாதிரி சின்ன ஊர்களின் கோர்ட் கட்டடங்களில் பத்திரப் புத்தகம் பார்க்கும் அறையில் நாற்காலி கிடைக்காது என்று அந்தக் காலத்தில் இருந்தவர்கள் சொல்வார்கள். அவ்வளவு பேரும் லேண்ட்மேன்கள், அதாவது கம்பெனிக்காக வில்லங்கம் பார்த்துக் குத்தகை பிடித்துத் தரும் ஆட்கள்.

அந்த லேண்ட்மேன் வந்து உட்கார்ந்த சமையலறை மேசையையும் பார்க்க வேண்டும். வடக்குப் பகுதி முழுக்கப் பால் பண்ணைகள். பால் விலை விழுந்தால் கறக்கக் கறக்க நஷ்டம், 2009-ல் விழவும் விழுந்தது. வீட்டுக்கு வரி, தீவனக் கடன், அறுபது வயது தாண்டிய தம்பதி, பிள்ளைகள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, உங்கள் நிலத்தை நான் தொடக்கூடப் போவதில்லை, ஏக்கருக்கு 25 டாலர், சும்மா ஒரு கையெழுத்து என்றால் போடத்தான் செய்வார்கள். அதே சஸ்குவஹானா கவுண்டியின் டிமோக் பக்கம் 2006 வாக்கில் அந்த விலைக்குத்தான் பலர் போட்டார்கள். இரண்டே வருடத்தில் 2,000, 2,500 என்று ஏறியது. ஊர் ஊராகத் தீயணைப்பு நிலையக் கூடத்திலும் பள்ளி அரங்கத்திலும் கூடி, ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து, ஒரு வக்கீலை வைத்துப் பேசிய கூட்டணிகளுக்கு 5,000 டாலருக்கு மேலும் கிடைத்தது, 20 சதவீத ராயல்டியோடு. பந்திக்கு முந்து என்பார்கள். இந்தப் பந்தியில் முந்தி உட்கார்ந்தவர்களுக்குத்தான் வெறும் இலை.

அந்த 25 டாலர்காரர்கள் ஐந்து வருடத்தில் குத்தகை முடிந்ததும் நல்ல விலைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் காகிதம் வேலை செய்கிறது. பல குத்தகைகளில், அதே விலையைக் கொடுத்து இன்னொரு ஐந்து வருடம் நீட்டிக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டும் இருந்தது. அதற்கு மேல், ஐந்து வருடம் என்பது வாயு வராதவரைதான் ஐந்து வருடம். லாபமாக வாயு வந்துகொண்டிருக்கும்வரை குத்தகை ஓடிக்கொண்டே இருக்கும், நாற்பது வருடமானாலும். இன்னும் கேளுங்கள். உங்களிடம் 200 ஏக்கர் இருக்கிறது, அதில் ஒரு மூலையில் 20 ஏக்கர் மட்டும் ஒரு கிணற்றின் தொகுப்புக்குள், அதாவது அந்தக் கிணற்றுக்காகக் கம்பெனி ஒன்றாகச் சேர்த்த நிலங்களுக்குள், வருகிறது என்று வையுங்கள். அந்த ஒரு கிணறு 200 ஏக்கரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சம் 180 ஏக்கரை வேறு யாருக்கும் விட முடியாது, அதற்குப் பைசாவும் வராது. இதைத் தடுக்க ஒரு ஷரத்து உண்டு, பியூ ஷரத்து என்பார்கள், லூசியானாவில் லாரன்ஸ் பியூ என்ற வக்கீல் 1947-ல் எழுதியது. தொகுப்புக்கு வெளியே இருக்கும் நிலம் தவணை முடிந்ததும் விடுபடும் என்று நாலு வரி. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கேட்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, லேண்ட்மேன் ஏன் சொல்லப்போகிறார்?

அட்வான்ஸ் கொடுக்கும் விதத்திலும் நம் ஆட்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. டிராஃப்ட் கொடுப்பார்கள். நமக்கு டிடி என்றால் கையில் காசு மாதிரி. அங்கே லேண்ட்மேன் கொடுக்கும் டிராஃப்ட் அப்படி இல்லை. அறுபது, தொண்ணூறு வங்கி நாட்கள் தவணை இருக்கும், அதற்குள் வில்லங்கம் பார்த்துத் திருப்தி என்றால் கம்பெனி பணத்தை விடும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடும். 2008 கடைசியில் விலை சரிந்தபோது எத்தனையோ பேருடைய டிராஃப்ட் திரும்பி வந்தது. குத்தகைப் பத்திரத்தில் இவர்கள் கையெழுத்து இருக்கும், வங்கியில் பணம் இருக்காது.

இப்போது நான் வேலை பார்த்த இடத்துக்கு வருகிறேன், ராயல்டி. பென்சில்வேனியாவில் 1979-ல் ஒரு சட்டம் போட்டார்கள், நிலக்காரருக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் ராயல்டி இல்லாத குத்தகை செல்லாது என்று. பாதுகாப்புதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் எட்டில் ஒரு பங்கு எந்த விலையில் என்று சட்டம் சொல்லவில்லை. கிணற்றின் வாயில் இருக்கும் வாயுவின் விலையா, அதைத் திரட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி, நூறு மைல் குழாயில் தள்ளிக் கொண்டுபோய் விற்ற இடத்து விலையா? விற்ற விலையிலிருந்து இந்தச் செலவையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவதில் எட்டில் ஒன்று கொடுத்தால் போதும் என்று கம்பெனிகள் சொல்லின. அப்படிக் கழித்தால் எட்டில் ஒன்றுக்குக் கீழே போகிறது, எனவே குத்தகையே செல்லாது என்று சஸ்குவஹானா கவுண்டியின் ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. 2010 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம், கழிக்கலாம், தவறில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

எண்ணில் சொன்னால்தான் உறைக்கும். ஒருவருக்கு 100 ஏக்கர், கிணற்றின் தொகுப்பு 640 ஏக்கர், ராயல்டி 12.5 சதவீதம். நூறை 640-ஆல் வகுத்து 0.125-ஆல் பெருக்கினால் 0.01953125. இதுதான் அவருடைய பங்கு. கிணறு ஆரம்பத்தில் நாளுக்கு 50 லட்சம் கன அடி கொடுக்கிறது, விலை ஆயிரம் கன அடிக்கு 3 டாலர். மாதம் 4,50,000 டாலர் வாயு, அவருக்கு 8,789 டாலர். ஆயிரம் கன அடிக்கு 1 டாலர் செலவு கழித்தால் 5,859. சரி, பரவாயில்லை என்பீர்கள். அப்புறம் ஷேல் கிணற்றின் இயல்பு வருகிறது: முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும். விலையும் 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே போனது. கிணறு பாதியாகி, விலை 2 டாலராகி, செலவு மட்டும் அதே 1 டாலராக நின்றால் அவருக்கு மாதம் 1,464 டாலர். அதே மாதம், அதே கிணற்றில், அதே 100 ஏக்கரோடு, பக்கத்து வேலிக்காரர் கொஞ்சம் பொறுத்திருந்து 18 சதவீதம், கழிவு எதுவும் கிடையாது என்று எழுதி வாங்கியிருந்தால் அவருக்கு 4,218. செலவு மாறுவதில்லை, விலை மட்டும் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். விலை 1 டாலர் பக்கம் வந்தால் கழிவுக்காரருக்கு எதுவும் மிஞ்சாது.

இது கற்பனைக் கணக்கு இல்லை. ஒரு பால் பண்ணைக்காரர் மாதக் கடைசியில் எனக்குப் போன் பண்ணுவார். தன் பங்கின் எட்டு தசம இலக்கத்தைப் போன் நம்பர்போல ஒப்பிப்பார், கணினியில் தேட வேண்டியதே இல்லை. காசோலையோடு போகும் துண்டுச் சீட்டில் ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு குறியீடு இருக்கும், திரட்டல், அழுத்தம், போக்குவரத்து என்று. அதில் எரிபொருள் என்று ஒரு வரி. அது என்ன என்று ஒருநாள் கேட்டார். வாயுவைக் குழாயில் தள்ளும் கம்ப்ரசர் இயந்திரம் வாயுவில்தான் ஓடுகிறது, அதற்கு எரிந்த அளவு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “என் வாயுவை எரித்து என் வாயுவைத் தள்ளுகிறீர்கள், அதற்கும் என்னிடமே காசா?” என்றார். குத்தகையின் இன்ன பத்தியில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் சொன்னேன். அப்படித்தான் இருந்தது. அவர் பொறுமையாக நன்றி சொல்லிவிட்டு வைத்தார், அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டார். சில வருடங்களில் மாடுகளை விற்றுவிட்டார். ராயல்டியில் பணக்காரர் ஆகி விற்றதாக ஊரில் பேசிக்கொண்டார்களாம். அவருடைய காசோலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

பிராட்ஃபோர்ட் கவுண்டியில் இந்தக் கழிவு விவகாரம் பெரிதாக வெடித்தது. செசபீக் என்ற எரிவாயு கம்பெனி மீது 2015 டிசம்பரில் மாநில அட்டர்னி ஜெனரலே வழக்குத் தொடுத்தார். கம்பெனி 2020-ல் திவாலுக்குப் போனது. 2021-ல் வந்த சமரசத்தில் நிலக்காரர்களுக்கு என்று ஒதுக்கிய தொகை 53 லட்சம் டாலர். ஆயிரக்கணக்கான குத்தகைகளுக்குப் பிரித்தால் என்ன வரும் என்று நீங்களே பாருங்கள். நடுவில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்: அரசு நம்பிக்கொண்டிருந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த வழக்குக்குப் பொருந்தாது. அது பொருள் விற்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டம், இங்கே கம்பெனி வாங்கும் பக்கம். கழிவுக்குப் பிறகும் எட்டில் ஒன்று உறுதி என்று மாற்ற 2013-ல் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதாவும் வந்தது, நிறைவேறவில்லை.

ஒரு சின்ன கிளைக்கதை. நிலக்காரர்கள் கூட்டணி சேர்ந்ததைச் சில கம்பெனிக்காரர்கள் பேராசை என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் மிச்சிகனில் 2010-ல் நடந்த குத்தகை ஏல விவகாரத்தில், ஒருவர் கேட்கும் இடத்தில் மற்றவர் கேட்பதில்லை என்று இரண்டு பெரிய கம்பெனிகள் பேசிவைத்ததாக வழக்கு வந்து, இரண்டுமே பணம் கட்டித்தான் முடித்தன. செசபீக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆப்ரி மெக்ளெண்டன் மீது ஓக்லஹோமா குத்தகைகளில் இதே மாதிரிக் குற்றச்சாட்டு 2016 மார்ச் 1-ல் பதிவானது. மறுநாள் அவர் கார் விபத்தில் இறந்தார், வழக்கும் அதோடு முடிந்தது. கூட்டணி சேருவது எந்தப் பக்கத்துக்கும் புதிது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மாநில எல்லையைத் தாண்டினால் கதையே வேறு. நியூயார்க்கில் அதே பாறை, அதே மாதிரிப் பண்ணைகள், சில வீடுகளிலிருந்து பென்சில்வேனியாக் கிணற்றின் விளக்கே தெரியும். 2008-ல் அந்த மாநிலம் சுற்றுச்சூழல் ஆய்வு என்று நிறுத்தி வைத்தது, 2014 டிசம்பரில் தடை என்று அறிவித்தது. குத்தகை காலாவதியாகப் போகிறதே என்று கம்பெனிகள், தடை என்பது எங்கள் கையை மீறிய விஷயம், அதனால் காலம் தானாக நீளும் என்று வாதாடின. 2015-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் நீளாது என்றது. நிலம் விடுபட்டது. தடை இருக்கும்போது மறுபடி வந்து கேட்கக் கம்பெனிகளுக்குக் காரணமும் இல்லை.

தண்ணீர் பற்றிச் சொல்லாமல் முடித்தால் தங்கைக்குத் துரோகம், ஏனென்றால் டிமோக் அவர் வாங்கப்போகும் கவுண்டியில்தான் இருக்கிறது. 2009 புத்தாண்டு அன்று அங்கே ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு வெடித்தது, உள்ளே மீத்தேன் சேர்ந்திருந்தது. மாநில அரசு விசாரித்து கேபட் என்ற கம்பெனியின் வாயுக் கிணறுகளைக் காரணம் காட்டியது, அந்த வட்டாரத்தில் புதிதாகத் தோண்டத் தடை போட்டது. 2010-ல் 19 குடும்பங்களுக்கு 41 லட்சம் டாலர் என்று ஒப்பந்தமானது. விஷயம் இழுத்துக்கொண்டே போய், கேபட்டின் வாரிசான கம்பெனி 2022 நவம்பரில் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்று, அந்த ஊருக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் போடப் பணம் கொடுக்கச் சம்மதித்தது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தக் கவுண்டியில் பல தண்ணீர்க் கிணறுகளில் வாயுக் கிணறு வருவதற்கு முன்பே இயற்கையாகக் கொஞ்சம் மீத்தேன் உண்டு. அதனால்தான் தகராறு வரும்போது, முன்னால் எப்படி இருந்தது என்ற பரிசோதனைக் காகிதம் யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம் பலமாகிறது.

இனி அந்த 12 ஏக்கர். வாயு உரிமை இல்லாமல் வாங்குவதால் எவ்வளவு நஷ்டம்? மேலே போட்ட அதே பாதியாகிப்போன கிணற்றில், 12.5 சதவீதத்தில், கழிவே இல்லாமல், 2 டாலர் விலையில் 12 ஏக்கருக்கு மாதம் 351 டாலர். தொகுப்பில் கிணறு கூடினால் கூடும், வருடம் ஆக ஆகக் குறையும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு என்று வைத்துக்கொள்ளலாம், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் விலையில் குறைத்துக் கேட்கத் தயங்கவும் வேண்டாம், பாதிச் சொத்தைத்தானே விற்கிறார்கள். சின்ன நிலத்துக்கு இதில் பேரம் பேசும் பலமும் குறைவு. அதே கவுண்டியில் 11 ஏக்கர் வைத்திருந்த ஒரு குடும்பம் குத்தகைக்கே விடவில்லை. பக்கத்து நிலத்துக் கிணறு தங்கள் வாயுவையும் இழுக்கிறது என்று வழக்குப் போனார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தோண்டி, இந்தப் பக்கத்து வாயு தானாக ஓடிப்போனால் அது எடுத்தவருக்கே என்றும், தண்ணீரும் மணலும் எல்லை தாண்டி உள்ளே நுழைந்தது என்று நிரூபித்தால் மட்டும்தான் அத்துமீறல் என்றும் 2020-ல் தீர்ப்பு வந்தது.

கிணற்று மேடை கொல்லைப்புறத்தில் வந்துவிடுமா என்ற பயம் 12 ஏக்கருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. மேடைக்கே நாலைந்து ஏக்கர் வேண்டும், வாயுக் கிணறு வீட்டிலிருந்தும் தண்ணீர்க் கிணற்றிலிருந்தும் 500 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று 2012 சட்டம் சொல்கிறது. வாயுவை அவர்கள் ஒரு மைல் தள்ளி நின்றுகொண்டு, பல ஆயிரம் அடி ஆழத்தில் படுக்கையாகத் துளைத்தே எடுத்துக்கொள்வார்கள், வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. தெரிவது லாரிகள்தான். ஒரு கிணற்றில் பாறையை உடைக்கப் பல லட்சம் காலன் தண்ணீர் வேண்டும், அது வரும் சாலை உங்கள் வீட்டு வாசல் சாலையாக இருந்தால் சில மாதம் நரகம். ஆனாலும் விற்பவரிடம் ஒன்று கேட்கலாம்: வாயுவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மேல்நிலத்தில் இறங்கமாட்டேன் என்று மட்டும் பத்திரத்தில் எழுதுங்கள். நிறைய பேர் சரி என்பார்கள், அவர்களுக்கு அதில் நஷ்டம் இல்லை. ஏற்கெனவே ஒரு குத்தகை ஓடிக்கொண்டிருந்தால் விற்பவரின் அந்த வாக்கு கம்பெனியைக் கட்டாது, அதனால் மான்ட்ரோஸில் இருக்கும் கவுண்டிப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அந்த நிலத்தின் மேல் குத்தகை பதிவாகியிருக்கிறதா, அதில் மேல்நிலத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பத்திரத்துக்கு எடுக்கும் காப்பீட்டை நம்ப வேண்டாம், எண்ணெய், வாயு விஷயங்களைப் பெரும்பாலும் அதில் விலக்கி எழுதியிருப்பார்கள். பக்கத்து நிலத்து வாயுவைக் கொண்டுபோகக் குழாய்க்கு வழி கேட்டு யாராவது வந்தால், அது மேல்நில விஷயம், அந்தப் பணம் தங்கைக்கு.

வாங்குவதற்கு முன்னால் தண்ணீர்க் கிணற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், சும்மா கிருமிப் பரிசோதனை போதாது, மீத்தேன், குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம் நான்கும் வேண்டும். புதிதாக வாயுக் கிணறு வந்தால் மறுபடி ஒருமுறை. 2,500 அடிக்குள் தோண்டினால், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால் கம்பெனிதான் காரணம் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு.

கடைசியாக, கேள்வியில் ‘கனிம உரிமைகள்’ என்று எழுதியிருந்தீர்கள். அது நீங்கள் தமிழில் சொன்னதா, பத்திரத்திலேயே அந்த ஒரு சொல்தான் இருக்கிறதா? இந்தக் காலத்து வக்கீல் யாரும் எண்ணெய், எரிவாயு என்று தனியாக எழுதாமல் விடமாட்டார்கள். ஆனால் அந்த வரி பழைய பத்திரத்திலிருந்து அப்படியே இறங்கி வந்ததாக இருந்து, அங்கே வெறும் ‘கனிமங்கள்’ என்று மட்டும் இருந்தால், 1882 விதிப்படி வாயு அந்த வரிக்குள் அடங்காமலே போகலாம். மூலப்பத்திரத்தின் நகலை எடுத்து, எண்ணெய், எரிவாயு வழக்கு பார்க்கும் ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். அதுவரை தங்கையும் மாப்பிள்ளையும் இதைப் பற்றிப் புரோக்கரிடம் வாயைத் திறக்க வேண்டாம்.